ஒண்ணே ஒண்ணு சொல்லு: ஆறு நாவல்களில் எதைக் கொடுப்பது?

பல வருடங்களாக ஒரு நாவலைக்கூட முடிக்காத நண்பன் ஒருவன் திடீரென்று போன் செய்தான். "எனக்கு ஒரு நாவல் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. லிஸ்ட் அனுப்பாதே."

கடைசி வாக்கியம் என் குணம் தெரிந்து சொன்னது. யாராவது ஒரு புத்தகம் கேட்டால் பன்னிரண்டு பெயர்களை அனுப்பிவைப்பேன். கேட்டவர் அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். பிறகு நானே உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொள்வேன்.

இவன் விஷயம் வேறு. ஒரு காலத்தில் என்னைவிட அதிகம் படித்தவன். பல எழுத்தாளர்களை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவன்தான். அப்புறம் வேலை, குழந்தைகள், கைபேசி. நடுவில் நாலைந்து நாவல்களை ஆரம்பித்திருக்கிறான். எல்லாம் முப்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் சீட்டு செருகியபடி நிற்கின்றனவாம். "இனிமே பழைய மாதிரி படிக்க வராதோன்னு பயமா இருக்கு" என்றான். அதைக் கேட்ட பிறகு வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கடந்த சில மாதங்களில் நான் படித்த ஆறு நாவல்கள் மேசையிலேயே கிடந்தன. கசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் த சன்', ஹான் காங்கின் 'த வெஜிடேரியன்', சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்', கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்', இமையத்தின் 'செல்லாத பணம்', விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. இதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பரிசைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இஷிகுரோவுக்கு 2017-ல் நோபல், ஹான் காங்குக்கு 2024-ல் நோபல், ஆர்பிட்டலுக்கு 2024-ன் புக்கர், செல்லாத பணத்துக்கு 2020-ன் சாகித்திய அகாதெமி. பெரும்பாலானவற்றின் மேல் ஒரு பதக்கம் ஒட்டியிருக்கிறது.

பக்க எண்ணிக்கையும் உதவவில்லை. ஆர்பிட்டல் 136 பக்கம்தான். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதைவிடப் பெரிய செல்லாத பணத்தை மூன்று இரவில் முடித்தேன். ரொம்ப நாளாகப் படிக்காதவருக்கு ஒல்லியான புத்தகம்தான் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன்.

'கீழே வைக்க முடியவில்லை' என்று ஒரு பாராட்டு இருக்கிறதே, அதையும் நான் நம்புவதை நிறுத்திவிட்டேன். எந்தப் புத்தகமானாலும் கீழே வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. தூக்கம் வருகிறது, குழந்தை கூப்பிடுகிறது, நாளை காலை வேலை இருக்கிறது. என் நண்பன் படுக்கப்போகும் முன் கால் மணி நேரம் படிப்பான், அதிகம் போனால் அரைமணி. தினமும் அவன் புத்தகத்தைக் கீழே வைத்தே தீருவான். அடுத்த நாள் கை எதற்காக அதைத் திரும்ப எடுக்கும்? முப்பதாம் பக்கத்தில் செத்துப்போன அந்த நாவல்கள் எல்லாம் மோசமானவை அல்ல. கை திரும்ப அவற்றிடம் போகவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஆறு நாவல்களையும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பார்த்தேன்: நான் எங்கே கீழே வைத்தேன், எது என்னைத் திரும்ப இழுத்தது?

முதலில் என் கை போனது கிளாராவிடம். நோபல் வாங்கிய பிறகு இஷிகுரோ எழுதிய முதல் நாவல், 2021-ல் வந்தது. கிளாரா ஒரு இயந்திரத் தோழி. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சக்தி சூரியனிடமிருந்து வருகிறது. அதனால் சூரியனால் முடியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜோசி என்ற நோயாளிச் சிறுமிக்காக அவளை வாங்கிப்போகிறார்கள். கதை முழுக்க கிளாராதான் சொல்கிறாள். மிக எளிமையான ஆங்கிலம், அகராதி தேவைப்படாது.

அந்தக் கடைப் பகுதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஜோசியின் வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைக் கீழே வைத்தேன். இரண்டு வாரம் எடுக்கவில்லை. காரணம், அங்கே யாரும் எதையும் விளக்குவதில்லை. குழந்தைகள் 'உயர்த்தப்பட்டவர்கள்', 'உயர்த்தப்படாதவர்கள்' என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று வெகுநேரம் தெரியாது. கிளாராவுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். இது குறை இல்லை, இஷிகுரோ வேண்டுமென்றே செய்வது. ஆனால் களைத்துப்போன மனிதனுக்கு அது மூடிய கதவு மாதிரி இருக்கும். பாதிக்கு மேல் போன பிறகு, ஜோசியின் அம்மா கிளாராவை உண்மையில் எதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று புரியும் இடம் வரும். அங்கே நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பகுதி இன்னும் என் கூடவே இருக்கிறது. பொறுமை கைவசம் இருப்பவர்களுக்கு, புரியாததைப் புரியாமலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஆறில் இதைத்தான் முதலில் சொல்வேன். முப்பதாம் பக்கத்தைக் கண்டு பயப்படுகிறவனுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆர்பிட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவர்கள் பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள், பதினாறு முறை விடிகிறது, பதினாறு முறை இருட்டுகிறது. கீழே ஒரு பெரும் புயல் திரண்டு கரையை நோக்கிப் போகிறது. மேலே ஒருத்திக்கு அம்மா இறந்த செய்தி வருகிறது, அவளால் இறங்கிப்போக முடியாது. இதுதான் கதை. மீதியெல்லாம் பார்ப்பது. சில பக்கங்களைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், அத்தனை அழகு. ஆனால் அடுத்து என்ன என்ற கேள்வி இந்த நாவலில் எழுவதே இல்லை. கீழே வைத்தால் அதுவும் வருத்தப்படாது, நாமும் வருத்தப்பட மாட்டோம். தினம் ஒரு சுற்று என்று கவிதைத் தொகுப்பைப் போலப் படிக்கலாம். கதையை எதிர்பார்த்து வருகிறவருக்கு இது ஜன்னலோர இருக்கை மட்டும் இருக்கிற, ஊர் வந்து சேராத பயணம்.

'த வெஜிடேரியன்' விஷயத்தில் எனக்கே நிறைய குழப்பம். தமிழில் 'மரக்கறி' என்ற பெயரில் சமயவேல் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது என்பதால் அதை மேலே எடுத்து வைத்தேன். நண்பன் தமிழில் வேகமாகப் படிப்பான். ஆங்கிலத்தில் படிப்பான், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அது அவனுக்கு வேலையின் தொடர்ச்சி போல இருக்கும். மொழியையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

யோங் ஹே என்ற பெண் ஒரு கனவு காண்கிறாள். விழித்தெழுந்து குளிர்பதனப்பெட்டியில் இருக்கும் இறைச்சியையெல்லாம் எடுத்து வீசுகிறாள். இனி சாப்பிட மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்வது. அதற்கே ஒரு குடும்பம் சிதறிப்போகிறது. நாவல் மூன்று பகுதி. முதல் பகுதியைக் கணவன் சொல்கிறான். இரண்டாவது, அவளுடைய அக்காவின் கணவனைப் பின்தொடர்கிறது. மூன்றாவது, அக்காவை. யோங் ஹேயின் குரல் நடுநடுவே வரும் சின்னக் கனவுத் துண்டுகளில் மட்டும்தான் நேராகக் கேட்கும். நாவலுக்கே அவள்தான் மையம், ஆனால் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கணவன் பேசும் தொனிதான் முதல் பகுதியின் திறமை. எதிலும் தனித்துத் தெரியாத பெண் என்பதால் இவளைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறான். அலுவலகத்தில் வாங்கிய பொருள் பழுதாகிவிட்டது என்று புகார் எழுதுகிற மாதிரி மனைவியைப் பற்றி எழுதுகிறான். எனக்கு ஓரிரு இடங்களில் சிரிப்பு வந்தது. பிறகு குடும்பம் கூடிச் சாப்பிட உட்காரும் அந்தக் காட்சி. அப்பா, வியட்நாம் போருக்குப் போய்வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர், மகளின் வாயைத் திறக்கவைத்து இறைச்சியைத் திணிக்கப்பார்க்கிறார். சிரித்துக்கொண்டே வந்தவனை அங்கே நிறுத்தி அறைந்த மாதிரி இருந்தது. அந்தப் பகுதி முடிந்ததும் கீழே வைத்தேன். இந்த முறை சலிப்பால் இல்லை, பயத்தால்.

திரும்ப எடுத்தது அக்காவுக்காக. முதல் பகுதியில் ஓரமாக வந்துபோகிற அவள் என்ன ஆனாள் என்று மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. நடுப்பகுதியைக் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடந்தேன். அக்காவின் கணவன் ஒரு வீடியோ கலைஞன். கலை என்ற பெயரில் அவன் செய்வது என்ன என்பதை நாவல் கண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நமக்குத்தான் உட்கார முடியவில்லை. மூன்றாம் பகுதிக்கு வந்தால் இன் ஹே, அந்த அக்கா, மழையில் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவள், யார் கையையும் எதிர்பார்க்காதவள், பொறுப்பானவள் என்று பெயரெடுத்தவள். தங்கை மரமாகிவிட வேண்டும் என்று சோற்றை விட்டுவிட்டாள். அக்கா, தான் இத்தனை வருடம் வாழவில்லை, வெறுமே தாங்கிக்கொண்டிருந்தோம் என்று மெல்ல உணர்கிறாள். இந்த ஆறு நாவல்களிலும் என்னை அதிகம் அசைத்த பக்கங்கள் எவை என்று கேட்டால் இவைதான்.

ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டெபோரா ஸ்மித்தின் மொழிபெயர்ப்பு 2016-ல் சர்வதேச புக்கர் பரிசை ஆசிரியரோடு பகிர்ந்துகொண்டது. பிறகு அதில் பிழைகள் இருக்கின்றன, மூலத்தில் இல்லாத அலங்காரம் இருக்கிறது என்று கொரிய மொழி அறிந்தவர்கள் பெரிய வாதமே நடத்தினார்கள். எனக்குக் கொரிய மொழி தெரியாது, தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனாலும் அந்த அக்கா எந்த மொழியில் வந்தாலும் என்னிடம் வந்து சேர்ந்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் இதையே கொடுத்துவிடலாமே? கொடுத்திருப்பேன். ஆனால் நண்பனின் அப்பா போன வருடம் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். குழாய் வழியாக உணவு இறங்குவதை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். சாப்பிட மறுக்கும் ஒருத்திக்குக் கட்டாயமாக உணவு செலுத்தும் காட்சியை இரவு பதினோரு மணிக்கு அவன் தலைமாட்டில் கொண்டுபோய் வைக்க எனக்குத் துணிவில்லை.

இதே காரணம்தான் செல்லாத பணத்தையும் தள்ளிவைத்தது. அதைத் தள்ளிவைத்ததில் எனக்கு இன்னும் சங்கடம் இருக்கிறது. ஏனென்றால் என் கணக்குப்படி, கை திரும்பத் திரும்பப் போன நாவல் அதுதான்.

ரேவதி பொறியியல் படித்தவள், தலைமையாசிரியரின் மகள். ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒரு நாள் தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில் நடக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி காத்திருக்கிறார்கள், பேசுகிறார்கள், அழுகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். பக்கத்தில் காத்திருக்கும் அந்நியர்களும் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். பணம் இருக்கிறது, செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள், எதுவும் செல்லுபடியாகவில்லை.

ஹான் காங்கின் நாவலையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தது தற்செயல். படித்ததும் இரண்டும் அக்கா தங்கை மாதிரி தெரிந்தன. இரண்டிலும் நடுவில் ஒரு பெண்ணின் உடல், சுற்றிலும் குடும்பம், ஒரு மருத்துவமனை. ஒன்றில் யாரும் பேசுவதில்லை. மற்றதில் யாரும் பேசுவதை நிறுத்துவதில்லை. இமையம் வர்ணனையை நம்புகிறவர் அல்லர், வாயை நம்புகிறவர். ஒரு உரையாடல் பக்கக்கணக்கில் ஓடும். சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். விமர்சகர்கள் சிலர் இதை நீளம் என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்கு அது நீளமாகத் தெரியாது. அங்கே மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், வேறு செய்ய ஒன்றுமில்லாததால். ஒவ்வொரு முறையும் தாங்க முடியாமல் கீழே வைத்தேன், பத்து நிமிடத்தில் அந்தக் குரல்கள் காதில் ஓட ஆரம்பித்துத் திரும்ப எடுத்தேன். மொழி ஒரு இடத்தில்கூடக் குறுக்கே நிற்கவில்லை. படிப்பு விட்டுப்போனவரைத் திரும்பக் கொண்டுவரும் வலு அதற்கு இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஆளுக்கு, இந்த வருடம், வேண்டாம். அடுத்த வருடம் கொடுப்பேன். அப்போது அவனே அந்த வராந்தாவை வேறு மாதிரி பார்ப்பான்.

ஆக மிஞ்சியது இரண்டு. கீகனும் ஷான்பாக்கும். இரண்டுமே ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான தலைவலி.

கீகனின் நாவல் 1985-ன் கிறிஸ்துமஸை ஒட்டி, அயர்லாந்தின் நியூ ராஸ் என்ற சிறு நகரத்தில் நடக்கிறது. பில் ஃபர்லாங் நிலக்கரியும் விறகும் விற்பவர். மனைவி, ஐந்து பெண் குழந்தைகள். அவருடைய அம்மா கல்யாணமாகாமல் இவரைப் பெற்றவர். வேலை பார்த்த வீட்டு விதவை எஜமானி விரட்டியடிக்காமல் வைத்துக்கொண்டதால்தான் இவர் இன்றைக்கு ஒரு மனிதராக நிற்கிறார். ஒரு நாள் விடியுமுன் கன்னியர் மடத்துக்கு நிலக்கரி இறக்கப்போன இடத்தில், கரிக்கொட்டகையில் ஒரு பெண் பூட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறார். அயர்லாந்தில் கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலீன் சலவைக்கூடங்கள் கதை அல்ல, உண்மை. கல்யாணமாகாமல் கருவுற்றவர்கள், கேட்பாரற்றவர்கள் என்று பலரை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்கவைத்தார்கள். கடைசிக்கூடம் மூடியது 1996-ல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013-ல். நாவல் இந்தத் தகவல்கள் எதையும் உரக்கச் சொல்வதில்லை. ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தைத்தான் எழுதுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது, ஃபர்லாங்கின் மனைவியை வில்லியாக்காதது. அவள் பேசுவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி ஒன்றுதான், அது மடத்தை ஒட்டி இருக்கிறது. கன்னியரைப் பகைத்துக்கொண்டால் ஐந்து பெண்களின் கதி? நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நமக்கு எதற்கு என்று அவள் கேட்பதை நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன், வேறு விஷயங்களில். முடிவைச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உண்மையான தொல்லை எங்கே தொடங்குமோ அங்கே நாவல் முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

இதைச் சிறந்த நாவல் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என் முதல் வாசிப்பு தோல்வி. ஒரே மூச்சில் ஒரு மாலையில் படித்து முடித்து, நல்ல மனிதர் ஒருவரின் நல்ல கதை என்று மூடிவைத்துவிட்டேன். ஃபர்லாங் தன் அப்பா யார் என்று தேடிக்கொண்டே இருக்கிறார். அதற்கான விடை ஒரு இடத்தில் பட்டும் படாமல் வந்துபோகிறது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒவ்வொரு வாக்கியத்துக்கு அடியிலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருப்பது தெரிந்தது. கீகன் தட்டி எழுப்புகிறவர் அல்லர். நாம் விழித்திருந்தால் கேட்கும், இல்லையென்றால் கேட்காது. அரைத்தூக்கத்தில் படிக்கிறவன் இதில் நல்லவரை மட்டும் பார்த்துவிட்டு, 'நல்லா இருந்தது' என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் போய்விடுவான். 'நல்லா இருந்தது' என்பது அடுத்த புத்தகத்தை எடுக்கவைக்கிற வாக்கியம் இல்லை.

காச்சர் கோச்சருக்கு வருகிறேன். கன்னடத்தில் 2013-ல் வந்தது, தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்திருக்கிறார். பெங்களூரில் ஒரு காபி ஹவுஸில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் தன் குடும்பக் கதையைச் சொல்கிறான். கடைசிவரை அவனுக்குப் பெயர் கிடையாது. ஒரு காலத்தில் சிறிய வீட்டில், எறும்புகளோடு போராடிக்கொண்டு, அப்பாவின் ஒற்றைச் சம்பளத்தில் ஒற்றுமையாக இருந்த குடும்பம். சித்தப்பா மசாலாப் பொடி வியாபாரம் தொடங்க, பணம் வருகிறது, பெரிய வீடு வருகிறது. கதைசொல்லி வியாபாரத்தில் பெயருக்கு ஒரு பதவியோடு, செய்ய வேலை எதுவும் இல்லாமல் இருக்கிறான். பணம் கொண்டுவரும் சித்தப்பாவைக் காப்பாற்றுவதுதான் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே வேலை. சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள். வீட்டுப் பெண்கள் சேர்ந்து அவளை விரட்டுகிற காட்சி ஒன்று வருகிறது. அதுவரை பக்கத்து மேசைக்காரர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, அங்கே குரலின் அடியில் வேறு ஏதோ ஓடுவது தெரிந்தது. இந்த வீட்டுக்குள் மருமகளாக அனிதா வருகிறாள். நேர்மையாகச் சம்பாதிக்கும் அப்பாவுக்குப் பிறந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். காச்சர் கோச்சர் என்பது அவளும் அவள் தம்பியும் சின்ன வயதில் உருவாக்கிக்கொண்ட வார்த்தை. அவிழ்க்கவே முடியாதபடி சிக்கிக்கொண்டதற்கு அப்படிச் சொல்வார்கள். எந்த அகராதியிலும் இல்லாத வார்த்தை, ஆனால் புத்தகத்தை முடிக்கும்போது நமக்கே அது தேவைப்பட ஆரம்பித்திருக்கும்.

கீகனும் ஷான்பாக்கும் ஒரே கேள்வியைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: நம் வீடு சௌகரியமாக இருப்பதற்காக எதையெல்லாம் பார்க்காமல் இருக்கிறோம்? ஃபர்லாங் பார்த்துவிட்டார், இனி பார்க்காதது போல இருக்க முடியாது. காச்சர் கோச்சரின் கதைசொல்லி பார்க்கவே மாட்டான். வீட்டில் மனைவிக்கும் அம்மாவுக்கும் சண்டை மூண்டால் எழுந்து காபி ஹவுஸுக்குப் போய்விடுவான். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. பிறகுதான், வீட்டில் குரல் உயர்ந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய் நிற்கும் ஒருவன் நினைவுக்கு வந்தான். பல நேரங்களில் அந்தப் போனின் மறுமுனையில் யாரும் இருந்ததில்லை. ஃபர்லாங்கைப் படித்தபோது நானும் இப்படி நல்லவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவனைப் படித்தபோது நான் யார் என்று தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. இந்த நாவலின் பெண்கள், அனிதாவைத் தவிர, கொஞ்சம் அதிகமாகவே நாக்கால் வாழ்கிறார்கள். அம்மாவும் அக்காவும் சண்டைக்காக மட்டும் மேடைக்கு வருகிற மாதிரி இருக்கிறது. கதையைச் சொல்கிறவன் எதையும் ஒழுங்காகப் பார்க்காதவன், அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிவார்கள் என்று வாதாடலாம். வாதாடித்தான் பார்த்தேன், முழுதாக ஒப்பவில்லை. கனம் என்று பார்த்தால் கீகன் ஒரு படி மேல். ஹான் காங் இரண்டு படி.

ஆனால் இரவில் கால் மணி நேரம் மட்டும் வைத்திருக்கிறவனுக்கு எது கைகொடுக்கும்? ஷான்பாக்கின் நாவலில் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறது. எங்கே நிறுத்தினாலும், வீட்டில் நடக்கும் ஒரு விவகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். அதன் பிறகு என்ன ஆச்சு என்று கேட்காமல் தூங்க முடியாது. இந்த வம்புக் குணம்தான் நம்மையெல்லாம் முதன்முதலில் கதைக்குள் இழுத்தது. அதை மட்டமாக நினைக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில், எதையும் வெளிப்படையாகச் சொல்லாமல், நம் கையில் ஒரு சந்தேகத்தைக் கொடுத்துவிட்டு நாவல் எழுந்து போய்விடுகிறது. நான் முடித்த இரவிலேயே முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த சில வரிகள், அப்போது சாதாரணமாகத் தெரியவில்லை.

காச்சர் கோச்சரின் தமிழ்ப் பதிப்பை அனுப்பிவைத்தேன். பரிசு, ஆசிரியர், பின்னணி என்று எதுவும் சொல்லவில்லை. பின்னட்டையைப் படிக்காதே என்று மட்டும் சொன்னேன்.

பதினோரு நாள் சத்தமே இல்லை. இதுவும் முப்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

"அனிதாவுக்கு என்னடா ஆச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். அவன் நம்பவில்லை. வாசலுக்கு வந்த பெண்ணை விரட்டிய காட்சியில் ஒரு துப்பு இருக்கிறது என்றான். கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறான் என்றான். இல்லை, அவனுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அது வேறு என்றேன். அரைமணி நேரம் சண்டை போட்டோம். நடுவில் அவன் வீட்டில் யாரோ விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தியது எனக்கே கேட்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வைக்கும்போது, அடுத்தது என்ன என்று கேட்டான். கீகன் என்றேன், ஆங்கிலம்தான், மெதுவாகப் படி, ஒரே இரவில் முடித்துவிடாதே என்றேன். "லிஸ்ட் இருந்தா அனுப்பு" என்றான்.

அனுப்பவில்லை.